பிட்டு வேகும் நேரத்துச் செபம்

எங்கள் வீட்டில் மணிக்கூடு இருந்ததில்லை. ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அது கோயில் மூப்பர் வீட்டுச் சுவரில் தொங்கியது. மழைக்காலம் வந்தால் அதுவும் படுத்துவிடும். ஆனால் என் அடுப்பில் ஒருநாளும் பிட்டு வேகாமல் இறங்கியதில்லை, சோறு குழைந்ததில்லை. காரணம், நான் செபம் சொல்லிச் சமைப்பவள்.

செபமாலையில் ஒரு பத்துச் சொல்லி முடித்தால் மூங்கில் குழலில் வைத்த பிட்டு வெந்திருக்கும். ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறைந்த மந்திரம், கடைசியில் திரித்துவத் துதி. அதோடு குழலை இறக்கினால் சரி. முழுச் செபமாலையும் சொல்லி முடிய உலையில் போட்ட அரிசி சோறாகிவிடும். கோப்பித் தூள் அடியில் படிய ஒரு பரலோக மந்திரம் போதும். திரளி மீன் குழம்புக்கு மாதாவின் பிரார்த்தனையை அவசரப்படாமல் சொல்ல வேண்டும். அம்மா அப்படித்தான் சமைத்தார். நானும் என் தங்கையும் அதைப் பார்த்தே பழகினோம். இது ஒரு பெரிய சங்கதி என்று எங்கள் மூவருக்குமே தோன்றியதில்லை.

செபம் மணிக்கூடு மட்டும் இல்லை. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆளை வைத்திருந்தேன். முதலாவது என்னைக் கட்டிய மனிசனுக்கு. அவர் ஆற்றில் மீன்பிடித் தொழில் செய்பவர். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இரண்டாவது அம்மாவின் முழங்காலுக்கு. பிறகு தங்கைக்கு, அவள் புருசனுக்கு, அடுத்த வளவில் இருமிக்கொண்டு கிடந்த கிழவருக்கு. கோபம் வந்தால் யார்மேல் கோபமோ அவர்களுக்கும் ஒரு மணி கொடுப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுப்பேன், ஆனாலும் கொடுப்பேன். பத்தாவது மணியை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. அது எனக்குப் பிறக்காத பிள்ளைக்கு. கலியாணம் முடித்து வருடங்கள் போய்விட்டன. கேட்கிறவர்களெல்லாம் கேட்டுக் களைத்துவிட்டார்கள். நான் களைக்கவில்லை. ஆவி குழலின் மேல்வாயால் வந்து வாசம் கிளம்பும் நேரத்தில்தான் அந்தப் பத்தாவது மணி வரும். அதைச் சொல்லிவிட்டுக் குழலை இறக்குவேன்.

இந்த இடத்தில் மூப்பரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சுவாமி, அதாவது பாதிரியார், மாதத்துக்கு ஒருமுறைதான் பட்டணத்திலிருந்து தோணியில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் கோயிலுக்கு மூப்பர்தான் எல்லாம். மணியடிப்பதும் அவர், செபத்தை முன்னின்று சொல்வதும் அவர், யார் ஒழுங்கு, யார் ஒழுங்கில்லை என்று சுவாமிக்குச் சொல்வதும் அவர். நல்ல மனிதர். ஆனால் ஆண்டவருக்கே அவர்தான் மூப்பர் என்பது போல நடந்துகொள்வார். குரல் அப்படி: அவர் பீடத்தின் முன் நின்று செபம் தொடங்கினால் துறையில் தோணி கழுவுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான்.

அந்த வருடம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டையும் நாளாகுமுன் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்து, "அக்கா, நீதான் இதுக்கு ஞானத்தாய்" என்றாள். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி, அதன் ஆத்துமத்துக்குப் பொறுப்பேற்கிறவள்தான் ஞானத்தாய். எனக்கு வாய்த்தது இதுதான், இதுவாவது வாய்த்ததே என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை என்னை ஞானம்மா என்று கூப்பிடுவாள். அதில் அம்மா என்ற சொல் இருக்கிறதே, அது போதும் எனக்கு.

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது.

ஐப்பசி, செபமாலை மாதம். பின்னேரங்களில் ஊர் முழுக்கக் கோயிலில் கூடிச் செபமாலை சொல்வோம். மூப்பர் முன்பாதியைச் சொல்ல, நாங்கள் பின்பாதியைச் சொல்வோம். அன்றைக்கு நான் விடியத் தொடங்கி நெல்லுக் குற்றி, மா இடித்து, வறுத்து, களைத்துப் போய் வந்து முழங்காலில் இருந்தேன். கண் சொருகிக்கொண்டு வந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து முடிந்தது, திரித்துவத் துதியும் முடிந்தது. கோயில் அமைதியாக இருந்த அந்த நொடியில் நான் உரத்து, "இறக்கு!" என்றேன்.

சொன்னது மட்டுமில்லை, குழலைப் பிடிக்கக் கையையும் நீட்டினேன். முன்னால் இருந்த பெண்ணின் கொண்டைதான் கையில் அகப்பட்டது.

பெண்கள் பக்கம் சிரிப்பில் குலுங்கியது. ஆண்கள் பக்கத்தில் என் மனிசன் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க இருந்தார். மூப்பர் திரும்பிப் பார்த்தார். செபமாலையைச் சொல்லி முடித்தார். முடிந்ததும் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன புள்ள அது? எத இறக்கச் சொன்ன நீ?"

நான் வாயைத் திறக்குமுன் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல், "அவ செபம் சொல்லித்தான் பிட்டவிக்கிறவ, மூப்பர்" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள்.

மூப்பரின் முகம் கறுத்தது. "மாதாவ மணிக்கூடாக்கிப் போட்டியே புள்ள! இது செபமா, சமையலா?"

"ரெண்டும்தான், மூப்பர்."

பணிவாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பணிவு வராது. அதுவும் கூட்டத்தின் நடுவில் வைத்துக் கேட்டால் சுத்தமாக வராது.

"அப்ப, சுவாமி வந்து இதுக்கு ஒரு முடிவு சொல்லட்டும். அதுவரைக்கும் ஞானத்தாய் எண்ட கதைய விடு. செபத்த அடுப்புக்குள்ள போடுறவளுக்கு ஒரு புள்ளையிர ஆத்துமத்தப் பாரங்குடுக்க ஏலாது."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து மழை பிடித்தது. அந்த மழையில் சுவாமியின் தோணி எங்கே வருவது? தங்கையின் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் கிடந்தது. முதல் இரண்டையும் பறிகொடுத்த வீடு. பிள்ளை ஒரு தும்மல் தும்மினாலும் எல்லோர் முகமும் மாறியது.

"பேசாம மூப்பரிட்டப் போய் மன்னிப்புக் கேளுகா" என்றாள் தங்கை.

"பிழ செஞ்சாத்தானே மன்னிப்பு?"

"பிழயோ சரியோ, எனக்குப் புள்ளைக்கு ஞானத்தாய் வேணும். சுவாமி வாற அண்டைக்கு உன்ன விடமாட்டாங்க எண்டா நான் வேற ஆளத்தான் தேடணும்."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். அதனால்தான் எனக்கு வலித்தது.

சரி, மூப்பர் சொன்ன மாதிரியே செய்து பார்ப்போம் என்று தீர்மானித்தேன். சமைக்கும்போது செபம் இல்லை. செபம் கோயிலில், முழங்காலில், கைகூப்பி. முதல் நாளே பிட்டு மாவாக இறங்கியது.

"என்ன புள்ள, உள்ளுக்க பச்சை மாவா இரிக்கி?" என்றார் என் மனிசன்.

"தின்னுங்க மச்சான். மூப்பர்ர உத்தரவு."

"மூப்பரா வந்து இத விழுங்கப் போறார்?" என்றார். ஆனாலும் தின்றார். நல்ல மனிசன்.

அடுத்த நாள் குழல் கருகியது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. கோயிலில் கைகூப்பி இருந்தால் அடுப்படி நினைவு வந்தது. அடுப்படியில் சும்மா நின்றால் மூப்பரோடு மனதுக்குள் சண்டை நடந்தது. அவர் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொன்னேன். இரண்டு இடத்திலும் ஆண்டவர் இல்லை. என் அம்மாவின் முழங்காலை நினைக்க நேரமில்லை, இருமுகிற கிழவரை நினைக்க நேரமில்லை. பத்தாவது மணி எங்கே போனது என்றே தெரியவில்லை. புகையும் ஆவியும் கண்ணைக் கரிக்க நான் சொல்லிக்கொண்டிருந்த அந்த வாய்ச் செபத்தில்தான் ஆண்டவர் என் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்பது, அதை விட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. தேவமாதாவும் சமைத்தவர்தானே, அவர் வீட்டில் மட்டும் மணிக்கூடு இருந்ததா என்ன?

இப்படி நான் அரைமனதாக இருந்த நாட்களில்தான் முகத்துவாரம் உடைந்தது.

வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் ஆறு கடலோடு சேரும் வாயை வெயில்காலத்தில் மணல் மூடிவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் அந்த மணல் வாய் உடைத்துக்கொள்ளும். உடைத்தால் ஆற்றுத் தண்ணீர் முழுக்கக் கடலைப் பார்த்து இழுக்கும். இறால் கூட்டமாக ஓடும் நேரமும் அதுதான். அதற்கு ஆசைப்பட்டுத்தான் போவார்கள். என் மனிசனும் மூப்பரின் ஒரே மகனும் விடியுமுன் ஒரே தோணியில் இறாலுக்குப் போனார்கள். போகும்போது வாய் உடைந்திருக்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகு துறைக்குப் போனவர்கள்தான் ஓடிவந்து சொன்னார்கள்: வாய் உடைத்துவிட்டது, தண்ணீர் இழுக்கிறது, மற்றத் தோணிகள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன, அந்த ஒரு தோணியைக் காணவில்லை.

என் வீடு துறைக்குப் பக்கத்து வீடு. கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. ஆண்கள் கம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு மழைக்குள் கரையோரமாகத் தேடப் போனார்கள். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். ஒருத்தி குரலெடுத்து இழுத்த இழுவையைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. உயிரோடிருக்கிற மனிதனுக்கு ஒப்பாரியா?

"வாய மூடுங்கடி! என்ட மனிசன் பசியோட வருவார். அழுறவங்க வெளியில போய் அழுங்க. தேங்கா துருவத் தெரிஞ்சவங்க மட்டும் உள்ளுக்கு வாங்க."

துணிச்சல் என்று சொல்வார்கள். துணிச்சல் இல்லை. ஆனால் சும்மா இருந்து அழ எனக்குத் தெரியாது. தேடப்போன ஆண்கள் நனைந்து விறைத்துத் திரும்புவார்கள், அவர்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். முந்தின நாள் வறுத்த மா பெட்டி நிறைய இருந்தது. அடுப்பை மூட்டினேன். மாவைக் குழைத்தேன். குழலில் மாவும் தேங்காய்ப்பூவுமாக மாறி மாறிப் போட்டுப் பானையின் மேல் வைத்தேன். வைத்துவிட்டு நின்றேன். கை செபமாலைக்குப் போனது, மூப்பரின் முகம் நினைவுக்கு வந்தது, கை நின்றது.

அப்போதுதான் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. எந்த நாளுக்காக இத்தனை காலமும் இந்தச் செபத்தைச் சொன்னேன்? இந்த நாளில் விட்டால் பிறகு எந்த நாளில் சொல்வது? மூப்பர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், சுவாமி என்ன தீர்த்தாலும் தீர்க்கட்டும், ஞானத்தாய் ஆகாவிட்டாலும் போகட்டும். ஆண்டவரே, எனக்கு உம்மோடு பேசத் தெரிந்த இடம் இதுதான் என்று வாய்விட்டே சொன்னேன். பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். தேங்காய் துருவிய பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் மணி, என் மனிசனுக்கு.

முதல் குழல் வெந்தது. இறக்கினேன். இரண்டாவதை வைத்தேன். இரண்டாவது பத்துத் தொடங்கும்போது வாசலில் நிழல் தட்டியது. மூப்பர். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். ஒற்றைச் செருப்போடு நின்றார். கரையோரமாக ஓடி ஓடித் தேடி, கால் ஓய்ந்து, புகை தெரிந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் செபத்தை நிறுத்தவில்லை. ஏசினால் ஏசட்டும் என்றுதான் நின்றேன்.

அவர் ஏசவில்லை. அடுப்புக்கு முன்னால், வெறும் மண் தரையில் முழங்காலில் இருந்தார். நான் சொல்லிக்கொண்டிருந்த முன்பாதியை அவர் சொல்லத் தொடங்கினார். பழக்கம் அப்படி. நாங்கள் பின்பாதிக்குப் போனோம். ஆனால் அந்தக் கோயில் குரல் அவரிடம் இல்லை. மெல்லியதாக, உடைந்து உடைந்து வந்தது. ஒரு மந்திரத்தின் நடுவில் நின்றுபோனார். திரும்பத் தொடங்கினார். மறுபடியும் நின்றார். விரல் மணிமேல் இருந்தது, எந்த மணி என்று அவருக்குத் தெரியவில்லை. ஊருக்கே செபம் சொல்லிக்கொடுத்த மனிதர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"புள்ள, எத்தின சொல்லிட்டம்? எனக்குப் புடிபடுதில்ல."

நான் குழலைப் பார்த்தேன். ஆவி மேல்வாயால் நூலாக வந்துகொண்டிருந்தது. வாசம் இன்னும் முழுதாக எழவில்லை.

"இன்னும் ஒண்டு இரிக்கி மூப்பர். கடைசி மணி."

அது என் மணி. இத்தனை வருடமும் யாருக்கும் கொடுக்காதது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒரே பிள்ளையைப் பெற்றவரின் முகம். எனக்குப் பிறக்காத பிள்ளை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"இது உங்கட மகனுக்கு. சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். இந்த முறை நிற்காமல் சொன்னார். நாங்களும் சொன்னோம். துதி முடிந்தது, வாசம் எழுந்தது, குழலை இறக்கினேன்.

உடனே கதவு திறந்து இருவரும் வந்து நின்றார்கள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி நடக்கவில்லை. மூன்றாவது குழல், நான்காவது குழல் என்று போய்க்கொண்டே இருந்தது. வாழையிலையில் பிட்டு மலையாகக் குவிந்தது. தேடிக் களைத்து வந்தவர்கள் தின்றுவிட்டு மறுபடியும் போனார்கள். ஒவ்வொரு பத்தும் முடிந்ததும் மூப்பர் நிறுத்தி என் கையைப் பார்ப்பார். நான் இறக்கி, அடுத்ததை வைத்துத் தலையாட்டுவேன். அவர் தொடங்குவார். மா முடிந்து, அடுத்த வளவிலிருந்து மா வந்தது. எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். ஆண்டவருக்குத் தெரிந்ததை அவர் செய்வார் என்று நம்பினேன். பயம் போகவில்லை. ஆனால் நம்பிக்கை பயத்துக்குப் பக்கத்தில் உறுதியாக உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் திரும்பிய பிறகு துறையில் கூச்சல் கேட்டது. ஏறாவூரிலிருந்து பட்டணத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போன முஸ்லிம் வியாபாரி ஒருவரின் பெரிய வள்ளம் எங்கள் துறையை அடைந்திருந்தது. தோணி கவிழ்ந்து, என் மனிசனும் மூப்பரின் மகனும் ஆற்றோரத்துக் கண்டல் மரமொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார்கள். கூப்பிட்ட குரல் கேட்டு அந்த வியாபாரி வள்ளத்தைத் திருப்பி இருவரையும் ஏற்றியிருக்கிறார். தோணியும் போனது, வலையும் போனது. மனிதர்கள் வந்தார்கள்.

மூப்பர் எழுந்து ஓட முடியாமல் என் அடுப்படித் தரையிலேயே இருந்தார். மகன் உள்ளே வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அழுதார்.

என் மனிசன் நீலம்பாரித்த உதட்டோடு வாசலில் நின்று முதலில் கேட்டது, "புள்ள, தின்ன ஏதும் இரிக்கா?" என்பதுதான். நான் சுற்றியிருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தேன். சொன்னேனா இல்லையா என்ற பார்வைதான். பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது, நன்றாக அழுதேன். அந்த வியாபாரியும் வள்ளக்காரரும் எங்களோடு இருந்து பிட்டுத் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

மழை விட்ட பிறகு சுவாமி வந்தார். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் யார் என்று கேட்டார். நான் பெண்கள் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூப்பர் முன்னுக்கு வந்தார்.

"இந்தப் புள்ளதான், சுவாமி. செபம் விடாதவ. என்ட பொறுப்பில சொல்லுறன்."

பிட்டுக் கதையும் சொல்லவில்லை, முகத்துவாரக் கதையும் சொல்லவில்லை. பழைய கோயில் குரல் திரும்பியிருந்தது.

ஞானஸ்நானம் முடிந்ததும் நன்றிக்காகச் செபமாலையில் ஒரு பத்துச் சொல்வோம் என்றார் மூப்பர். ஊர் முழங்காலில் இருந்தது. பிள்ளை வெள்ளைச் சட்டையோடு என் மடியில் தூங்கிக்கொண்டே என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது மணி வந்தது. பழையபடி அதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வெறும் நன்றி மட்டும் சொன்னேன். துதி முடிந்தது. கோயில் அமைதியாக இருந்த அந்த நொடியில் மூப்பர் பீடத்திலிருந்து மெல்லத் திரும்பி, பெண்கள் பக்கத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "இறக்கு, புள்ள" என்றார்.

கோயில் முழுக்கச் சிரித்தது. மூப்பரும் சிரித்தார். என்ன நடந்தது என்று தெரியாமல் சுவாமியும் சிரித்தார். சத்தத்துக்கு விழித்துப் பிள்ளை வீரிட்டு அழுதாள். தங்கை கையை நீட்டினாள்.

நான் பிள்ளையை இறக்கவில்லை.